ரிப்பெக்கில் வீடு பார்க்கும் தம்பிக்கு

தம்பி, பெர்லின் வாடகை கட்டுப்படியாகாமல் மேற்கே ஹாவெல்லாண்டில், ரிப்பெக் கிராமத்தில் வீடு பார்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊருக்கும் பழைய பிரபு குடும்பத்துக்கும் ஒரே பெயர், ஊர் நடுவே அரண்மனை வேறு நிற்கிறது, இன்னும் ஜமீன் ராஜ்ஜியம்தானோ என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து நவ்வன் ஊரில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஜமீன் எப்போதோ போய்விட்டது. 'ஃபொன் ரிப்பெக்' என்றால் ரிப்பெக்காரர், அவ்வளவுதான். நம்மவர்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வது மாதிரி. ஆனால் இங்கே அந்த ஒட்டுக்குப் பின்னால் நிலமும் அதிகாரமும் இருந்தன. இந்தப் பகுதி அப்போது சேர்ந்திருந்த பிரஷ்ய நாட்டில், குடியானவர்களை விடுவித்த 1807 அரசாணைக்கு முன்பு, குடியானவர் பண்ணையாரைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போகவும் முடியாது, கல்யாணம் செய்யவும் முடியாது. ஊர் வழக்கை விசாரிப்பதும் அவர்தான், தேவாலயத்துக்குப் பாதிரியாரைக் கொண்டுவருவதும் அவர்தான். 1919 அரசியல் சட்டம் பிரபுக்களின் சலுகைகளை ஒழித்துவிட்டு, பட்டத்தைக் குடும்பப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் விட்டுவைத்தது. ஆஸ்திரியாவில் அந்த 'ஃபொன்'னையே பிடுங்கிவிட்டார்கள்! ஆகவே அப்படி ஒருவரைப் பார்த்தால் 'ஹெர்' (நம் 'திரு' மாதிரி) 'ஃபொன்' சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், போதும். குனிந்து கும்பிட வேண்டாம்.

ரிப்பெக்கை ஜெர்மனி முழுக்கத் தெரியவைத்தது அரண்மனை அல்ல, ஒரு பேரிக்காய் மரம். எழுத்தாளர் தியோடர் ஃபொன்டானே 1889இல் எழுதிய கவிதையை இங்கே பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ஊர்க் குழந்தைகளுக்குப் பேரிக்காய் கொடுக்கும் கிழட்டுப் பண்ணையார், மகன் கஞ்சன் என்று தெரிந்து, தன் கல்லறைக்குள் ஒரு பேரிக்காயை வைக்கச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறார். அதிலிருந்து மரம் முளைத்து, அவர் போன பிறகும் பிள்ளைகளுக்குப் பழம் கொடுக்கிறது. தேவாலயத்தை ஒட்டி நின்ற நிஜ மரம் 1911 புயலில் சாய்ந்தது. அதன் அடிக்கட்டையை உள்ளே வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். வெளியே இப்போது நிற்பது பிறகு நட்டது.

கவிதையில் வராத கதைதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. குடும்பத்தின் கடைசிப் பண்ணையாருக்கு நாஜிகளோடு ஒத்துப்போகவில்லை. பிடித்துக்கொண்டு போய் ஜாக்ஸன்ஹவுசன் வதைமுகாமில் அடைத்தார்கள், 1945இல் அங்கேயே இறந்தார். போர் முடிந்து சோவியத் படை வந்ததும் நிலச் சீர்திருத்தம். 100 ஹெக்டேருக்கு மேல் வைத்திருந்தவர்களிடம் நஷ்டஈடு இல்லாமல் பிடுங்கி, கூலிக்காரர்களுக்கும் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளுக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்புறம் 1960 வாக்கில் அதையும் கூட்டுப் பண்ணையில் சேர்க்க வைத்தார்கள். 1893இல் கட்டிய அரண்மனை முதியோர் இல்லமாகிவிட்டது. கிழக்கு, மேற்கு ஜெர்மனி ஒன்றான பிறகு குடும்பத்தில் ஒருவர் திரும்பி வந்தார், சொத்தைத் திரும்பக் கேட்ட வழக்கு இழுத்து 1999இல் சமரசமானது. அரண்மனை அவர்களுக்குத் திரும்பவில்லை. இப்போது அங்கே அருங்காட்சியகமும் உணவகமும் நடக்கின்றன, கல்யாணம்கூடப் பதிவு செய்யலாம். பழைய சாராயம் காய்ச்சும் கட்டடத்தில் பேரிக்காய் வினிகர் தயாரித்தார் திரும்பி வந்தவர். வெங்காயப் பச்சடிக்கு அது அருமையாகச் சேரும்.

இதையெல்லாம் ஏன் இழுக்கிறேன் என்றால், வந்த புதிதில் வேறொரு கிராமத்தில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "உங்கள் வீட்டில் அரண்மனை வேலைதான் பார்த்தார்களா?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டேன். முகம் கறுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டார். அவர் நான்கு வயதில், போருக்குப் பிறகு போலந்தோடு சேர்ந்துவிட்ட சைலீசியாவிலிருந்து கைவண்டியில் அகதியாக வந்தவராம். அந்தப் பண்ணை நிலத்தில்தான் அவர் அப்பாவுக்குப் பங்கு கிடைத்ததாம், பதினைந்து வருடத்தில் அதுவும் கையைவிட்டுப் போனதாம். நான் விளையாட்டாகக் கேட்டது, அவர் காதில் "இது யார் நிலம்?" என்று விழுந்திருக்கிறது. ஒரே தெருவில் பண்ணை ஆட்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள், அகதிகளின் பிள்ளைகளும் இருப்பார்கள். 'அந்தக் குடும்பம் நல்லவர்களா' என்று நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களே ஒருநாள் சொல்வார்கள், அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மற்றபடி கிராமம் கிராமம்தான். தெருவில் யாரைப் பார்த்தாலும் 'குட்டன் டாக்' சொல்லுங்கள், பெர்லினில் மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போனால் திமிர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி, டிரில் சத்தம் வேண்டாம். தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர முடிந்தால் சேருங்கள், ஆறு மாதத்தில் பாதி ஊர் பழக்கமாகிவிடும். நவ்வனிலிருந்து பெர்லினுக்கு ரயில் உண்டு, ஆனால் ரிப்பெக்கிலிருந்து நவ்வன் வந்து சேர கார் இல்லாமல் சிரமம், அதை யோசித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் அதற்கான சான்றுத் தாளை சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.