எச்-இண்டெக்ஸ் 31 இருந்தால் நல்ல கைடா?

கேள்வி: எம்.பி.ஏ. முடித்துவிட்டு மேலாண்மையில் பிஎச்.டி. சேர இருக்கிறேன். கைடாக இருக்க இரண்டு பேராசிரியர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுளின் தளம்) எச்-இண்டெக்ஸ் 31. ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. இன்னொருவருக்கு 14தான். முதலாமவரிடமே சேர்ந்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 31-உம் 14-உம் எங்கிருந்து வந்தன என்று முதலில் பாருங்கள். அரை நாள் வேலைதான். ஆனால் அந்த ஒருவரோடு நீங்கள் பல வருடங்கள் ஓட்ட வேண்டும்.

ஒருவர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற இரண்டையும் சேர்த்து அளக்கும் எண்தான் எச்-இண்டெக்ஸ். அதை 2005-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளுக்கு 50, 18, 9, 6, 5, 3 என்று மேற்கோள்கள் இருந்தால் அவருடைய எச் 5. ஐந்து கட்டுரைகளுக்குக் குறைந்தது ஐந்து மேற்கோளாவது இருக்கிறது. ஆறாவதற்கு ஆறு இல்லை. முதல் கட்டுரையின் அந்த 50 மேற்கோள் நாளைக்கே 5,000 ஆனாலும் எச் 5-லேயே நிற்கும். ஜே பார்னி 1991-இல் ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனத்தின் உள்வளங்களே அதன் நீடித்த போட்டி வலிமைக்கு அடிப்படை என்று அதில் வாதிட்டார். பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை அது. எச் கணக்கிலோ அதுவும் ஒன்றுதான். இன்னொன்று, எச் ஏறுமே தவிர இறங்காது. 25 வருடம் சர்வீஸ் உள்ளவரையும் 10 வருடம் உள்ளவரையும் இந்த எண்ணை வைத்து எடை போடுவது நியாயமே இல்லை.

மேற்கோள் கூடுவதற்கும் பல காரணங்கள் உண்டு. ஃபோர்னெலும் லார்க்கரும் 1981-இல் எழுதிய புள்ளியியல் கட்டுரையைக் கேள்வித்தாள் வைத்துச் செய்யும் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கலாம். கேள்வித்தாளின் அளவைகளைச் சோதிக்க அந்த முறை தேவைப்படுவதால் எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆகவே ஒருவரின் மேற்கோள்கள் கருத்துக்காக வந்தனவா, கருவிக்காக வந்தனவா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுமே மதிப்புள்ளவை. ஆனால் உங்களுக்கு எது வேண்டும் என்பது வேறு விஷயம்.

அடுத்து, இரண்டு பேரையும் ஒரே தராசில் வையுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, புத்தகம் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள்களை எண்ணும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளமோ, தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டுமே எண்ணும். அதனால் கூகுளில் 31 என்றால் ஸ்கோபஸில் பெரும்பாலும் நன்றாகவே குறையும். நம் பெயர்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘எஸ். குமார்’ என்று தேடினால் எத்தனை குமார்கள்! ஒருவர் பக்கத்தில் இன்னொருவரின் கட்டுரை வந்து ஒட்டிக்கொள்ளும். இனிஷியலை விரித்து எழுதினால் ஸ்கோபஸில் ஒரே ஆள் இரண்டு பேராகப் பிரிந்தும் கிடப்பார். கட்டுரைத் தலைப்புகளை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாலே இது தெரிந்துவிடும். மேலாண்மைப் பேராசிரியரின் பக்கத்தில் நானோ துகள் பற்றிய கட்டுரை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, அந்த 2 சதவீதப் பட்டியல்? பலரும் நினைப்பதுபோல அது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தரும் விருது அல்ல. அங்கே பணிபுரியும் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிக்கும் அட்டவணை. வாழ்நாள் பங்களிப்புக்கு ஒன்று, ஒரே ஆண்டின் மேற்கோள்களுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. எதில் பெயர் வந்திருக்கிறது என்று கேளுங்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கிய கணக்கும் அதிலேயே இருக்கிறது. அதைக் கட்டாயம் பாருங்கள். அங்கே தரவரிசை ஆறு அளவுகோல்களைக் கலந்து வருகிறது. அவற்றில் மூன்று, ஒருவர் தனி ஆசிரியரா, முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்பதைப் பொறுத்தவை. ஆய்வகம் நடத்தும் துறைகளுக்கு அது பொருந்தும். தலைமை விஞ்ஞானியின் பெயர் அங்கே கடைசியில் வருவது வழக்கம். நிதியியல், பொருளியல் பக்கம் அகரவரிசைப்படி பெயர் போடும் பழக்கம் பரவலாக உண்டு. அங்கே முதல் பெயர் எதையும் சொல்வதில்லை.

எந்த இதழில் எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதழ்களைத் தரம் பிரிக்கும் ஆஸ்திரேலிய வணிகக் கல்வி டீன்கள் மன்றத்தின் ஏபிடிசி பட்டியல், ஃபைனான்ஷியல் டைம்ஸின் 50 இதழ்கள் பட்டியல் இரண்டும் மேலாண்மைத் துறையில் எல்லோரும் பார்ப்பவை. 14 உள்ளவர் ஏபிடிசியில் ‘ஏ’ தர இதழ்களில் நிதானமாக எழுதி வந்திருந்தால் நான் அவர் பக்கம்தான் சாய்வேன். முக்கியமாக, மாணவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். பெயர்கள் அகரவரிசையில் இல்லாமல் மாணவர் பெயர் முன்னால் இருந்தால் அது நல்ல அறிகுறி.

அப்புறம், இருவரிடமும் ஆய்வை முடித்துப் போன மாணவர்களில் ஒருவரையாவது போனில் பிடியுங்கள். ஒரு அத்தியாயம் எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் திருத்தித் தருவார் என்று கேளுங்கள். அதை எந்த இண்டெக்ஸும் சொல்லாது.