எமர்ஜென்சிக்குப் போனால் பொலிஸ் வருமா?

தங்கச்சி, உங்கள் பேஸ்மென்டில் பக்கத்து அறையில் இருக்கிற பெண்ணுக்கு அவளுடைய மனிசன், அதாவது கணவர், அடித்துக் கை வீங்கிக் கிடக்குது, ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூப்பிட்டால் பொலிஸ் வந்துவிடும், கணவர் கனடாவில் குடியேறப் போட்ட ஸ்பொன்சர் வெட்டுப்படும் என்று அழுகிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள், இன்றைக்கே.

நான் 2003இல் டொரொன்டோவில் ஸ்காபரோவுக்கு வந்தவள். கொஞ்சக் காலம் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்புக்கும் நின்றிருக்கிறேன். ஒன்ராறியோவில், வளர்ந்த ஒரு ஆளை வீட்டில் அடித்ததை அவருடைய சம்மதம் இல்லாமல் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் டாக்டருக்கும் இல்லை, நேர்ஸுக்கும் இல்லை. துப்பாக்கிக் காயம் என்றால்தான் ஆஸ்பத்திரி சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கு ஆபத்து என்று பட்டால் சில்ட்ரன்ஸ் எய்டுக்கு, அதுதான் பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்புக்கு, அறிவிப்பார்கள், அது சட்டம். இதை முதலே சொல்லிவிடுங்கள், பிறகு "அக்கா ஏமாத்திப்போட்டா" என்று உங்களைக் கோபிக்கக் கூடாது. 911 அடிப்பதும் வேறு கதை. பொலிஸுக்கு ஆதாரம் கிடைத்தால் அவர்களே வழக்குப் போடுவார்கள், அவள் பிறகு வேண்டாம் என்று அழுதாலும் நிற்காது.

மனிசன் கூடவே வந்தாலும் பயப்படாதீர்கள். "உள்ளே நோயாளி மட்டும்தான்" என்று நேர்ஸ் அவரை வெளியே நிறுத்தப் பார்ப்பார். தனியாகக் கேட்பதற்குத்தான் அது: வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, யாராவது அடிக்கிறார்களா? எங்கள் ஆட்கள் இந்த இடத்தில்தான் "படியில் வழுக்கிட்டேன்" என்பார்கள். வந்த புதிதில் ஒரு சிநேகிதியோடு போயிருந்தேன், மாமியார்தான் மொழிபெயர்த்தார். நேர்ஸ் முகத்தைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார், மாமி தமிழில் "எங்க நோகுது எண்டு கேக்கிறா" என்று முடித்துவிட்டார். என்ன கேட்டார் என்பது அவளுக்குத் தெரிய வந்தது இரண்டு வருசம் கழித்து. அதனால் பதியும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று கேட்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு சொல் போதும். நீங்களும் மொழிபெயர்க்க நிற்க வேண்டாம்.

கழுத்தை நெரித்திருந்தால், வெளியே அடையாளமே இல்லாவிட்டாலும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்காயம் பிறகுதான் வேலையைக் காட்டும். பேர்ச்மவுண்ட் ஆஸ்பத்திரியிலும் டவுன்டவுனில் விமன்ஸ் கொலேஜ் ஆஸ்பத்திரியிலும் வீட்டு வன்முறைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அவள் சம்மதித்தால் அந்த நேர்ஸ் வந்து காயங்களைப் படமெடுத்து வைப்பார், தங்குமிடத்துக்கும் வழி சொல்வார். அதற்குப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சரி, ஸ்பொன்சர். இரண்டு வருசம் கணவரோடு இருக்காவிட்டால் பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, போய்விடும் என்று இன்னமும் சொல்லித் திரிகிற மாமாக்கள் இருக்கிறார்கள். 2012இல் வந்த அந்த விதியை 2017இலேயே எடுத்தாயிற்று. அவளுக்கு பிஆர் கிடைத்திருந்தால், விட்டுப் பிரிந்தாள் என்பதற்காக யாரும் பறிக்க முடியாது. விண்ணப்பம் இன்னும் நடப்பில் இருந்தால் அவரால் அதைத் திருப்பி எடுக்க முடியும், உண்மை. ஆனால் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று 2019இலிருந்து தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது, முதல் தடவை கட்டணம் இல்லை. அதைச் சட்ட உதவிக்காரர்களிடம் கேட்டுச் செய்யுங்கள், முகநூல் மாமாக்களிடம் இல்லை.

அங்கே தருகிற துண்டுப்பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், பையைக் கிளறுகிற மனிசன் என்றால் அதுவே அடுத்த அடி. 1-866-863-0511, பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கேட்கலாம். அதை உங்கள் போனில் வையுங்கள். இன்னொன்று, ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஒன்லைனில் பார்க்கிற மைசார்ட் கணக்கின் பாஸ்வேர்ட் கணவருக்குத் தெரியும் என்றால் நேர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள், எழுதுகிற குறிப்புகள் அதில் தெரியக்கூடும்.

காத்திருக்க வெகு நேரமாகும், சாப்பாடும் சார்ஜரும் கொண்டுபோங்கள். ஹெல்த் கார்ட் அவரிடம் இருந்தால் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், இல்லாமலே பார்ப்பார்கள்.