நியாம் இல்லை, நீவ்!

அக்கா, என் மகள் அயர்லாந்தில் கார்க் நகரில் நர்ஸ். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் 'நீவ்' என்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதும்போது என், ஐ, ஏ, எம், எச் என்று வருகிறது. அவசரத்தில் தப்பாக அடிக்கிறாளா?
*- ஒரு வாசகி, நாகர்கோவில்*

சரியாகத்தான் அடிக்கிறாள். கால்வேயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நானும் சீட்டைப் பார்த்து "நியாம்... நியாம்" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பாட்டி ஊசிகளை மடியில் வைத்துவிட்டு, "என்னைத்தான் தேடுறியோ?" என்று கேட்டார். காது மந்தமாக்கும் என்று நினைத்தேன். காது நன்றாகத்தான் இருந்தது. என் வாய்தான் சரியில்லை.

ஐரிஷ் மொழியின் பழைய அரிச்சுவடியில் 18 எழுத்துகள்தான். அதில் 'வி' கிடையாது. 'பி' அல்லது 'எம்' பக்கத்தில் ஓர் 'எச்' போட்டு 'வ' ஓசையைக் கொண்டுவருவார்கள். 'எஸ்' பக்கத்தில் 'ஐ'யோ 'இ'யோ வந்தால் 'ஷ' ஆகிவிடும். உயிரெழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோடு இருந்தால் அது நெடில். இங்கிலீஷ்காரர்கள்தான் இதைப் பார்த்து மிரளுவார்கள். கல், பகல், தங்கம் என்று ஒரே 'க'வை மூன்று விதமாக வாசிக்கிற நமக்கு என்ன பயம்?

நீவ் என்றால் ஒளி. கடல் தெய்வத்தின் மகளான நீவ், ஓஷீன் என்ற வீரனை வெள்ளைக் குதிரையில் ஏற்றி, முதுமையே இல்லாத நாட்டுக்குக் கூட்டிப்போனாள். ஊர் ஞாபகம் வந்து அவன் திரும்பியபோது இங்கே 300 வருஷம் ஓடியிருந்தது. குதிரையிலிருந்து தவறி மண்ணில் விழுந்தான். அந்த நிமிஷமே கிழவனாகிப்போனான்.

எங்களுக்கு இங்கே பெண் குழந்தை பிறக்கப்போகிறது. ஐரிஷ் பெயர் வைக்க ஆசை. 'ஈஃபா' என்றால் அழகி என்று நெட்டில் போட்டிருக்கிறது. வைக்கலாமா?
*- ஒரு வாசகர், டப்ளின்*

தாராளமாக. ஆனால் நெட்டில் இருப்பது பாதிதான். ஐரிஷ் பழங்கதையில் லிர் மன்னனின் பிள்ளைகள் நாலு பேரையும் அன்னங்களாக்கிய சித்தி பெயரும் ஈஃபாதான். 900 வருஷம் அந்தப் பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். அதில் முதல் 300 வருஷம் வெஸ்ட்மீத்தில் இருக்கிற டெரவாரா ஏரியில். மூத்தவள் ஃபினூலா, பெயருக்குப் பொருள் 'வெண்தோள்', குளிரில் தம்பிகளைச் சிறகுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். ஆனால் பிள்ளைகளை இந்தப் பாடு படுத்திய சித்தி ஈஃபாவின் பெயரைத்தான் அந்த ஊரில் வகுப்புக்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள். நம்மில் யாராவது மகளுக்குக் கைகேயி என்று வைப்போமா?

இன்னொரு ஈஃபா நிஜமாகவே வாழ்ந்தவள், லென்ஸ்டர் மன்னன் மகள். ஆட்சியை மீட்க அப்பா, அப்போது இங்கிலாந்தை ஆண்ட நார்மன்காரர்களின் படையைக் கூட்டிவந்தார். அதற்கு விலையாக 1170-ல் வாட்டர்ஃபோர்டில் அவளை ஸ்ட்ராங்போ பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். டேனியல் மக்லீஸ் அந்தக் கல்யாணத்தை வரைந்த ஓவியம் டப்ளின் நேஷனல் கேலரியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அவ்வளவு பெரிய படத்தில் மணப்பெண் தலை குனிந்து நிற்கிறாள். காலடியில் முழுக்கச் செத்தவர்கள். கல்யாணப் படம் என்று அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அசல் ஐரிஷ் என்று நாம் நினைக்கிற ஷிவான், ஷினேட் இரண்டும் அந்த நார்மன்காரர்களோடு வந்தவை. அவர்களுடைய ஜோனும் ஜெனெட்டும்தான் ஐரிஷ் வாயில் இப்படி மாறின. 'சுதந்திரம்' என்று பொருள்படும் சீர்ஷா 20-ம் நூற்றாண்டுப் பெயர். 2021-ல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த 'ஃபியா'வும் (காட்டு மானை நினைவூட்டுகிற பெயர்) புதுசுதான்.

ஊரில் இருக்கிற பாட்டி வாயில் நுழைய வேண்டும் என்றால் ஓர்லா வையுங்கள், 'பொன் இளவரசி'. ஊனா வேண்டாம், நம் காதில் ஊனம் என்று விழும். என் ஓட்டு ரோஷீனுக்கு: 'சின்ன ரோஜா'. பாட்டிக்கு ரோஷம் ஞாபகம் வந்தால் வரட்டுமே, பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் இருக்கட்டும்.

கொலீன் நல்ல ஐரிஷ் பெயர்தானே?
*- ஒரு வாசகி, கோவை*

அமெரிக்காவில். அயர்லாந்தில் அது வெறும் 'பெண்'. மகளுக்குப் 'பொண்ணு' என்றே பெயர் வைத்த கதை.

மேரி என்பதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?
*- ஒரு வாசகர், தூத்துக்குடி*

மாதாவுக்கு 'மிரா', மற்ற எல்லோருக்கும் 'மாய்ரா'. மாதாவின் பெயரை அப்படியே மனுஷிக்கு வைப்பது மரியாதை இல்லை என்று எழுத்தையே மாற்றிவிட்டார்கள். அந்த மாய்ராவையும் கூப்பிடும்போது "அ வாய்ரா" என்பார்கள். முருகன் "முருகா" ஆவது போல அவர்களுக்கும் விளி உண்டு. ஆனால் நமக்கு வால் மாறும், அவர்களுக்குத் தலை மாறும். 'எம்' பக்கத்தில் 'எச்' சேர்ந்தால் 'வ' என்று மேலே சொன்னேனே, அதேதான். நாகர்கோவில் அம்மாவின் மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ந'வில் தொடங்கும் பெயர் அப்படி மாறாது. மதில் பக்கம் நின்று "அ நீவ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.