சர்க்கரை உள்ள அம்மாவுக்கு மயக்க மருந்து தாங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி. தெரிந்தவர் ஒருவர் தண்டையார்பேட்டை நர்ஸிங் ஹோமில் 'பேக்கேஜ்' பேசியிருக்கிறார். மயக்க டாக்டரை ஆபரேஷன் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பயமாக இருக்கிறது. மாத்திரைகளை நிறுத்தணுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

தாங்கும். வயதும் சர்க்கரையும் மட்டுமே தடை ஆகாது. 'அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுதான் ஆபத்து. லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பெரும்பாலும் முழு மயக்கம், மூச்சுக்குழாயில் டியூப். வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து வளைகிறதா, ஆடும் பல் உண்டா, இசிஜி எப்படி என்று மயக்க மருத்துவர் ஒரு நாளாவது முன்னால் பார்க்க வேண்டும். மேசையில் படுக்க வைத்த பிறகு கோளாறு தெரிந்தால், பணம் கட்டியாச்சு என்ற ஒரே காரணத்துக்காக எல்லாரும் அவசரப்படுவார்கள்.

மாத்திரைக்கு வருவோம். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் என்றால் ஆபரேஷன் அன்று காலை ஒரு வாய் தண்ணீரோடு போடலாம். டெல்மிசார்டான், லோசார்டான் வகையை அன்று பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வோம். மயக்கத்தில் பிரஷர் சரிந்துவிடும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அன்று காலை வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' இருக்கிறதா? மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாகவும் வருவதால், 'மெட்ஃபார்மின்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். குளுக்கோமீட்டரில் 160, 180 என்று சாதாரணமாகக் காட்டும். ஆளுக்கு வாந்தி, மேல்மூச்சு வாங்கும். சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டால் ஐசியூதான். அதனால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றால் திங்களோடு சரி. அந்த மூன்று நாளுக்கு என்ன போடுவது என்று சர்க்கரை டாக்டரைக் கேளுங்கள். பேக்கேஜ் பேசுகிறவர் இதைக் கேட்கமாட்டார். அவர் வேலை கமிஷனோடு முடிகிறது.

சாப்பாடு: கனமான உணவு 8 மணி நேரம் முன்னால், இட்லி போன்ற லேசானது 6 மணி நேரம் முன்னால் முடிய வேண்டும். பால் சேர்ந்த டீயும் உணவுக்கணக்குதான், 6 மணி நேரம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதிகாலை டீ குடித்திருந்தால் மறைக்காதீர்கள். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். 'இரவு பத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்று சொல்லிவிட்டு மதியம் இரண்டு மணிக்குத் தியேட்டருக்குள் எடுப்பதை இன்னும் எத்தனை வருஷம் செய்வார்களோ! சர்க்கரைக்காரர்களைக் காலை முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேர்க்கும் முன் நேரில் போய் மூன்று கேள்வி. மயக்க மருத்துவர் பெயர், படிப்பு என்ன: மயக்க மருத்துவத்தில் எம்டி, டிஎன்பி, டிஏ என்ற பட்டம் ஏதாவது இருக்க வேண்டும். அம்மா கண் விழித்துப் பேசும்வரை இருப்பாரா, அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவாரா? கேப்னோகிராஃப் இருக்கிறதா? லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை உப்ப வைக்க உள்ளே அடிக்கும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் ஏறுவதையும், டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதையும் காட்டும் கருவி அது. விரல் கிளிப்பில் ஆக்சிஜன் இறங்குவது தாமதமாகத்தான் தெரியும்.

அரசு மருத்துவமனையில் தேதி தள்ளிப்போவதால்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். இருந்தாலும் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை இல்லையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பதிந்து காத்திருக்கலாம். தனியார்தான் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.