'ஒரு லட்சம் பேர் கேட்பார்கள்' என்றால் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஊர். நானே எழுதி மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டு மொபைலில் கிடக்கிறது. ஒன்று மட்டும் பாட்டி பாடிய நடவுப் பாட்டு மெட்டு. சென்னை புரமோட்டர் ஒருவர் 30,000 ரூபாய் கட்டினால் எல்லா ஆப்பிலும் ஏற்றி, ஒரு லட்சம் பேரைக் கேட்க வைப்பதாகச் சொல்கிறார். கட்டலாமா? குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

பதில்: கட்டாதீர்கள். ஆப்பில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. பாட்டை ஆப்களுக்கு அனுப்பித் தருகிற ரூட்நோட் போன்ற விநியோக நிறுவனங்களில் முன்பணமே இல்லாத திட்டம் இருக்கிறது. வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியும் அவர்களிடமே கிடைக்கும். அதற்கென்று தனியாகக் காசு கறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

அந்த ஒரு லட்சம் பேர் பெரும்பாலும் மனிதர்களே இல்லை, போலிக் கணக்குகள். ஸ்பாட்டிஃபை மோப்பம் பிடித்தால் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போடும், அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டும் போய்விடலாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்குக் காசே கிடையாது என்று ஒரு விதி வேறு. புதிதாக வருகிறவன் வயிற்றில் அடிக்கிற விதி. அதைக் காட்டித்தான் புரமோட்டர்கள் கடை விரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு நீங்களே இலவசமாகப் பாட்டை அனுப்பலாம், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால். எடுப்பார்களா என்பது வேறு கதை.

அவர் நீட்டும் தாளில் 'சகல உரிமைகளும்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. சொல்லி என்ன? கோர்ட்டுக்கு அலையும் செலவில் நாலு ஆல்பம் போடலாம். காப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. வேண்டுமானால் வரிகளுக்கு 500, மெட்டுக்கு 500. சான்றிதழ் எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நடவுப் பாட்டு விஷயம் தனி. மெட்டு ஊர்ச் சொத்து, வரிகள் உங்களுடையவை, தாராளமாக வெளியிடலாம். ஆனால் அதே மெட்டை எப்போதோ ஒரு சினிமாவும் எடுத்திருந்தால், ஒரே மாதிரிப் பாட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி உங்கள் பாட்டைப் படக் கம்பெனியின் பாட்டு என்று பிடிக்கலாம். பயப்படாதீர்கள், அது சேனலுக்கே ஆபத்தான ஸ்டிரைக் அல்ல. 'இது மரபு மெட்டு' என்று மறுப்புப் போடுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பாட்டி பாடியதை மொபைலில் பிடித்து வைத்திருந்தால் ஆதாரமாக உதவும். அந்தப் படத்தின் இடையிசையையோ தாளக்கட்டையோ நீங்களும் எடுத்திருந்தால் இந்த வாதம் எடுபடாது. இன்னொன்று: அந்தப் பாட்டுக்கு நீங்களும் கன்டென்ட் ஐடி கேட்காதீர்கள், ஊரில் அதைப் பாடுகிற எல்லோர் மேலும் பாயும்.

ஆள் பழக்கத்துக்குச் சென்னை எதற்கு? பங்குனி, சித்திரையில் நம் பக்கம் மாரியம்மன் கோயில் தோறும் கச்சேரி. மெல்லிசைக் குழுக்காரரிடம் பாட்டை வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டால் கேட்கமாட்டார். கொட்டை எழுத்தில் வரிகளை ஒரே தாளில் எழுதி, மேலே 'ஒன்றரைக் கட்டை' என்று சுருதியைப் போட்டு, கரோக்கி டிராக்கை (குரல் இல்லாத பின்னணி இசை) பென்டிரைவில் கொடுங்கள். அறிவிப்பாளர் வாசிக்க உங்கள் பெயரோடு ஒரு வரியும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு ஓடும், பெயர் வராது. வாத்தியம் வாசிக்க ஆள் வேண்டுமா, திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) நடத்தும் கலை இரவுகளில் புதுப் பாட்டுக்குக் காது கொடுக்கிறவர்கள் கிடைப்பார்கள்.

கையில் இருக்கிற பணத்தில் இரண்டு பாட்டை மட்டும் ஒழுங்காக ஒலிப்பதிவு செய்யுங்கள். பாடுகிறவருக்குப் பேசிய தொகையைக் கொடுத்து, பாட்டை வெளியிடச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு ஓடிய பிறகு போய்க் கேட்டால் விலை வேறாக இருக்கும்.