இரண்டாவது டிஸ்க்கும் விழுந்த பிறகு

கேள்வி: எங்கள் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நான்கு 4 டிபி டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி) இருக்கிறது, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதும் முறை). ஒரு டிஸ்க்கின் விளக்கு ஆறு மாதமாகச் சிவப்பு. வேலை ஓடியதால் விட்டுவிட்டோம். போன வாரம் கரண்ட் போய் வந்ததும் இன்னொன்றும் விழுந்தது. இப்போது எதுவும் திறக்கவில்லை. புது டிஸ்க் போட்டு ரீபில்ட் (மீதி டிஸ்க்குகளை வைத்துத் தரவை மறுபடி கட்டுவது) செய்யலாம் என்கிறார் சர்வீஸ்காரர். செய்யலாமா?
– வாசகர், வடபழனி

பதில்: வேண்டவே வேண்டாம். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால்தான் தாங்கும். இரண்டு போனால் ரீபில்டுக்கு வழியே இல்லை. புது வால்யூம் (சேமிப்புப் பகுதி) உருவாக்கவா என்று பெட்டி கேட்டு, யாராவது 'சரி' அழுத்திவிட்டால் பழையதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். அணைத்துவிடுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்லாட் எண்ணை மார்க்கரால் எழுதுங்கள்.

போன வாரம் விழுந்த டிஸ்க்தான் இனி முக்கியம். ஆறு மாதப் பழையதில் இருப்பது அன்றைய தரவு. அதைச் சேர்த்தால் பழசும் புதுசும் கலந்து ஃபைல்கள் கெட்டுவிடும்.

மற்ற மூன்றையும் லினக்ஸ் கணினியில் நேரே சாட்டா கேபிளில் மாட்டுங்கள். யூஎஸ்பி டாக் வேண்டாம். படிக்க முடியாத இடம் வந்தால் பல டாக்குகள் இணைப்பையே துண்டித்துக்கொள்ளும். நகலுக்கு ரிச்சி தெருவில் அதே அளவில், அல்லது பெரிதாக, மூன்று டிஸ்க் வாங்குங்கள். கெட்ட டிஸ்க்கையும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டவிட்டு, மிச்சத்தை அடுத்த சுற்றில் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கட்டாயம். இல்லாவிட்டால் நடுவில் நின்றதும் மறுபடி முதலிலிருந்துதான். நல்ல டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், கெட்டதுக்கு நாள்கணக்கு. டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே நிறுத்தி, க்ளீன் ரூம் (தூசியில்லா அறை) உள்ள லேபுக்குக் கொடுங்கள்.

இத்தகைய பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஓடுவது லினக்ஸின் எம்டி ரெய்டு என்ற மென்பொருள் ரெய்டுதான். அதை இயக்கும் எம்டிஅட்ம் (mdadm) கருவியின் எக்ஸாமின் கட்டளை, நகல்களின் ஈவென்ட் எண்ணை (ரெய்டில் மாற்றம் நேரும்போது கூடும் எண்) காட்டும். இரண்டில் 48213, மூன்றாவதில் 48209 என்று நெருங்கியிருந்தால் அசெம்பிள் கட்டளையோடு ஃபோர்ஸ் விருப்பத்தையும் சேர்த்து மூன்று நகல்களையும் இணைக்கலாம். ஃபோர்ஸ் அந்த எண்ணைத் திருத்தி எழுதும் என்பதால் அசல் டிஸ்க்கில் ஒருபோதும் செய்யாதீர்கள். ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளை பக்கமே போகாதீர்கள். சங்க் அளவோ (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவை எழுதும் துண்டின் அளவு) தரவின் தொடக்க இடமோ மாறினால் மீட்பு சிக்கலாகும்.

இணைத்ததை ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுன்ட் செய்து, அதாவது திறந்து, ஃபைல்களை வெளியே எடுங்கள். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால், மவுன்ட் செய்யும்போது ஜர்னலை (மாற்றக் குறிப்பை) ஏற்றாமலிருக்க நோலோட் விருப்பமும் சேருங்கள். பிறகு வீடியோக்களை நடு நடுவே ஓட்டிப் பாருங்கள். டிடிரெஸ்க்யூ படிக்காமல் விட்ட இடங்கள் ஃபைல் பட்டியலில் தெரியாது.