லேப்டாப் இல்லாமல் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் பேப்பரை எப்படிப் படிப்பது?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் முதலாண்டு பி.காம். படிக்கிறேன். பள்ளியில் தமிழ் வழி, கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இந்த செமஸ்டரில் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் பேப்பர் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் லேப். வீட்டில் போன் மட்டும்தான். சீனியர்கள் கொடுத்த நோட்ஸில் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, படித்தாலும் மறந்துபோகிறது. எப்படிப் படிப்பது? வெளியே ஒரு சென்டரில் பணம் கட்டிச் சேரலாமா, மேடம்?

பதில்: அந்த நோட்ஸைத் தியரி பரீட்சைக்கு முந்தைய வாரம் எடுத்துக்கொள்ளலாம், இப்போது ஓரமாக வையுங்கள். மெனு இருக்கும் இடம் நிலையானது அல்ல. வேர்டிலும் எக்செலிலும் 2003 வரை இருந்த மெனு அமைப்பை 2007 பதிப்பில் எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பட்டையை வைத்தார்கள். பல கல்லூரிகளில் கைமாறிக் கைமாறி வரும் நோட்ஸ் இன்னும் ‘ஃபார்மட் மெனுவுக்குப் போ’ என்றுதான் சொல்கிறது. லேப்பில் அந்த மெனுவைத் தேடினால் கிடைக்காது. உங்களுக்கு மறந்துபோவதில் வியப்பே இல்லை.

இந்தப் பேப்பரில் பிடிபட வேண்டியது ஒரே ஒரு விஷயம். திரையில் நமக்குத் தெரிவது வேறு, கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது வேறு. இது புரிந்துவிட்டால் வேர்டு, எக்செல், தமிழ் டைப்பிங் எல்லாமே ஒரே பாடமாகிவிடும். புரியாவிட்டால் பத்து வருடம் ஆபீஸில் வேலை பார்த்தாலும் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எக்செலில்தான் இது பளிச்சென்று தெரியும். அடுத்த லேப்பில் காலியான ஒரு கட்டத்தில் 15/08/1947 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்தக் கட்டத்தின் நம்பர் ஃபார்மட்டை, அதாவது உள்ளே இருப்பது எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பை, ‘ஜெனரல்’ என்று மாற்றுங்கள். தேதி காணாமல் போய் 17394 என்று நிற்கும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வருவதுதான் எக்செலின் கணக்கு. அதனால்தான் இன்றைய தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழித்தால் எத்தனை நாள் என்று விடை வருகிறது.

உங்கள் லேப்பில் 17394 வராமல் தேதி அப்படியே கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் பிராந்திய அமைப்பு அமெரிக்காவுக்கு இருக்கிறது என்று பொருள். அங்கே மாதம்தான் முதலில் வரும். 15-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் நீங்கள் அடித்ததை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. இதைவிட ஆபத்து 05/08 என்று அடிப்பது. ஆகஸ்ட் 5 என்று நினைத்து நீங்கள் அடிக்க, அது சத்தமில்லாமல் மே 8 ஆகிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் பிராந்திய ஃபார்மட்டை இந்தியாவுக்கு மாற்றினால் சரியாகும். லேப் அசிஸ்டென்ட்டிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

எண் என்றால் வலப்பக்கம், எழுத்து என்றால் இடப்பக்கம். எக்செல் இப்படித்தான் தானாக ஒதுக்கும். அந்த ஒதுக்கத்தைப் பார்க்கப் பழகினாலே பாதித் தவறு கண்ணில் பட்டுவிடும். ‘ரூ.500’ என்று கையால் அடித்தால் அது எழுத்து. அந்த வரிசைக்கு ‘சம்’ என்ற கூட்டல் ஃபார்முலாவைப் போட்டால் அந்த 500-ஐ விட்டுவிட்டுக் கூட்டும், எந்த எச்சரிக்கையும் தராது. மொத்தம் குறைகிறது, ஏன் என்று தெரியாமல் மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதை லேப்பில் அடிக்கடி பார்க்கிறேன். வெறும் 500 அடியுங்கள், ரூபாய்க் குறியை நம்பர் ஃபார்மட்டில் சேருங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ரோல் நம்பர், பேங்க் அக்கவுன்ட் நம்பர், போன் நம்பர் ஆகியவற்றை யாரும் கூட்டப்போவதில்லை. அவை பார்க்கத்தான் எண், வேலையில் பெயர் மாதிரி. 0-வில் தொடங்கும் ரோல் நம்பரை அப்படியே அடித்தால் முதல் சைபர் போய்விடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அக்கவுன்ட் நம்பரை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், பிறகு ஃபார்மட்டை மாற்றினாலும் திரும்பி வராது. ஸ்காலர்ஷிப் பட்டியலில் இப்படி ஒரு எண் மாறினால் பணம் யாருக்குப் போய்ச் சேராமல் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

ஃபார்முலாவில் ‘சம்’, ‘ஆவரேஜ்’, ‘இஃப்’ மூன்றும் கை வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் டாலர் குறியைப் புரிந்துகொள்ளாமல் விடாதீர்கள். பொருள்களின் விலை பி நெடுவரிசையில், ஜிஎஸ்டி 18 சதவீதம் இ1 கட்டத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் பொருளுக்குப் பெருக்கினால் 500 ரூபாய்க்கு 90 என்று சரியாக வரும். அதைக் கீழே இழுத்தால் அடுத்த பொருளுக்கு 0 வரும். கீழே போகும்போது ஃபார்முலாவும் ஒரு கட்டம் இறங்கி, காலியாக இருக்கும் இ2-ஐப் பார்க்கிறது. ஃபார்முலாவில் இ1 மேல் கர்சரை வைத்து எஃப்4 தட்டினால் இ-க்கு முன்னாலும் 1-க்கு முன்னாலும் $ விழும், அந்த முகவரி நகராமல் நிற்கும். பிராக்டிகலில் கேட்க ஏற்ற கேள்வி இது.

வேர்டுக்கு வருவோம். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவது, அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை அமுக்கிக்கொண்டே இருப்பது, இந்த இரண்டு பழக்கமும் கையில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம். திரையில் நன்றாகத்தான் தெரியும். எழுத்தளவை 12-லிருந்து 14 ஆக்கினால் தலைப்பு ஓரமாக நகர்ந்துவிடும். மேலே இரண்டு வரி சேர்த்தால் அத்தியாயம் பக்கத்தின் நடுவில் தொடங்கும். நடுவில் வைக்க கன்ட்ரோல்-இ, புதுப் பக்கத்துக்கு கன்ட்ரோல்-என்டர். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-8 தட்டினால் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாகத் தெரியும். உங்கள் ஃபைலை அப்படி ஒருமுறை பாருங்கள், உள்ளே நடந்திருப்பது விளங்கும்.

தலைப்பை போல்டு செய்து பெரிதாக்கினால் நமக்கு அது தலைப்பு, வேர்டுக்கு வெறும் தடித்த எழுத்து. ‘ஹெட்டிங் 1’ ஸ்டைலைக் கொடுத்தால்தான் அதற்கும் தலைப்பு. அப்போதுதான் பொருளடக்கத்தை அதுவே தயாரிக்கும். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும்போது இதன் அருமை தெரியும்.

மெயில் மெர்ஜ் என்றால் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன 60 மாணவர்களின் பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் ஒன்று வேர்டில், பெயரும் சதவீதமும் எக்செலில். இரண்டையும் இணைத்தால் 60 கடிதம். இதில் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். எக்செலில் முதல் வரியில் அழகுக்காக ‘பி.காம். முதலாண்டு’ என்று கட்டங்களை இணைத்து எழுதியிருப்பார்கள். வேர்டு முதல் வரியைத்தான் நெடுவரிசைப் பெயர்களாக எடுத்துக்கொள்ளும். அந்த வரியை நீக்குங்கள், வேலை நடக்கும்.

பவர்பாயின்ட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேஅவுட் தரும் பெட்டிகளுக்குள் எழுதுங்கள், ஸ்லைடில் வரியைக் குறையுங்கள்.

தமிழ் டைப்பிங்கைப் பாடத்திட்டம் கேட்காவிட்டாலும் கற்றுக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் ‘அம்மா’ என்று அடித்தால், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அவைதான் தெரியும், கூகுளில் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடு என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே எண்ணைத் தரும் முறை. அதில் ‘அ’ என்பது எங்கே போனாலும் ‘அ’தான். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அரசு 1999-இல் அறிவித்த தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-இல் இருக்கிறது, லேங்வேஜ் செட்டிங்ஸில் சேர்த்தால் போதும்.

போன் மட்டும் இருக்கிறதே என்றீர்கள். கூகுள் ஷீட்ஸை இறக்கிக்கொள்ளுங்கள். ‘சம்’, ‘இஃப்’, டாலர் குறி எல்லாம் அங்கேயும் அப்படியேதான். வீட்டு மளிகைச் செலவை ஒரு மாதம் அதில் எழுதினால் ஃபார்முலா பழகிவிடும். சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை ஓடிஜி கனெக்டர் (போனின் சார்ஜிங் துளையில் செருகும் சின்ன இணைப்பான்) வைத்து ஆண்ட்ராய்டு போனில் மாட்டலாம், பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துப் பத்து விரலாலும் அடிக்கப் பழகுங்கள். போனில் சரியாகப் பழக முடியாதவை மெயில் மெர்ஜ், பிரின்ட் அமைப்பு, ஸ்டைல் வேலைகள். லேப்பின் இரண்டு மணி நேரத்தை இவற்றுக்கென்றே ஒதுக்குங்கள். உறவினர் வீட்டில் பழைய லேப்டாப் கிடைத்தால் வேர்டு, எக்செல் மாதிரியே வேலை செய்யும் லிப்ரே ஆஃபீஸை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

லேப்பில் எதையும் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு வராதீர்கள். பல லேப்களில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் அழிந்துபோகும்படி வைத்திருப்பார்கள். பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று வையுங்கள். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுக்க பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். வேர்டு ஃபைலாகக் கொடுத்தால் அங்கே ஃபான்ட் மாறி 12 பக்கம் 14 ஆகிவிடக்கூடும்.

இனி அந்த சென்டர். இந்தப் பேப்பருக்காக மட்டும் என்றால் வேண்டாம், மேலே சொன்னதே போதும். அரசில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ டைப்பிஸ்ட் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் கதை வேறு. அங்கே கேட்பது தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆஃபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழ், சுருக்கமாக சிஓஏ. டைப்ரைட்டிங் தேர்ச்சியும் தனியாக வேண்டும். தனியார் சென்டர் தன் பெயரில் அடித்துத் தரும் சான்றிதழ் இது அல்ல. பணம் கட்டும் முன் ‘சிஓஏ பரீட்சைக்கு அனுப்புவீர்களா, பரீட்சைக் கட்டணம் இதில் அடங்குமா’ என்ற இரண்டு கேள்வியையும் கேளுங்கள். மழுப்பினால் கட்டாதீர்கள்.